முதுகுப் படம்

“உனக்கு நெஜமாவே வலிக்குதா, இல்ல வேலைக்குப் பயந்து நடிக்கிறியா?” என்று ஒருநாள் கணவன் கேட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தெரியாமல்தான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னா, நாளைலேருந்து மூணாவது மாடிக்குத் தண்ணி நீதான் தூக்கணும்” என்று சொல்லித்தான் இன்று அழைத்து வந்திருந்தான்.

டாக்டர் வெளிச்சப் பெட்டியில் ஒரு படத்தை மாட்டினார். “இங்க பாருங்க. எலும்புக்கு நடுவுல ரெண்டு தட்டு பிதுங்கியிருக்கு. ஒண்ணு தேஞ்சே போச்சு.”

கணவன் முகம் வாடிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அடிப்பாவி, இதை வச்சுக்கிட்டா இத்தனை வேலை செஞ்சே? இனிமே ஒரு வாளிகூட நீ தொடக்கூடாதும்மா.”

அவளுக்குக் கண் நிறைந்தது.

“சார், இது உங்க படம்” என்றார் டாக்டர். “நல்ல முதுகு எப்படி இருக்கும்னு இவங்களுக்குக் காட்டணும்னு நீங்களும் எடுத்துக்கிட்டீங்களே.”

“எனக்கு வலியே இல்லையே!”

“நிறைய பேருக்கு அப்படித்தான். இவங்க படம் சுத்தமா இருக்கு. ஆனா வலி நிஜம். எல்லா வலியும் படத்துல விழாது.”

அவன் காதில் பாதிதான் ஏறியது. “சுத்தமா இருக்கா?” அவள் கையை விட்டான். “என்னமா நடிச்சிருக்கே! காலைல முதல் வேலையா வாளியைத் தூக்கு.”

அவள் மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். வெளியே வந்து, அவன் வண்டியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.