ஒரு மாத்திரை தர மனசில்லை

“கிட்னியையா கேட்டேன்? ஒரே ஒரு மாத்திரைதானே கேட்டேன்!”

அண்ணி பொரிந்து தள்ளினாள். அவள் கணவன் ஷூவுக்கு பாலிஷ் போடுவதிலேயே கண்ணாக இருந்தான்.

“என் செருப்பைப் போட்டுக்கறா, என் கைப்பையைத் தூக்கிட்டுப் போறா. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? மாத்திரைன்னதும் பீரோவுல வச்சுப் பூட்டறா உங்க அருமைத் தங்கச்சி!”

“அது டாக்டர் அவளுக்குன்னு கொடுத்தது...”

“ஆமா, அழகையும் அவளுக்கு மட்டும்னு எழுதிக் கொடுத்துட்டாரா?”

அண்ணியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது.

அவள் வாழ வந்தபோது நாத்தனாரின் முகம் முழுக்கச் சீழ்கட்டிய பருக்கள். யாராவது வந்தால் உள்ளறைக்கு ஓடிவிடுவாள். அப்போதெல்லாம் அண்ணிதான் வீட்டின் அழகி. நாத்தனாருக்காகப் பரிதாபப்படுவதுகூட எவ்வளவு சுகமாக இருந்தது!

இப்போது மாத்திரை புண்ணியத்தில் நாத்தனார் முகம் உரித்த முட்டை. அண்ணியின் கன்னத்தில்தான், சொல்லிவைத்தாற்போல், புதிது புதிதாகப் பருக்கள்.

“உதடு வெடிக்கும் அண்ணி, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க, உங்களுக்கு வேண்டாம்” என்று நாத்தனார் சொன்னதெல்லாம் சாக்கு. பொறாமைக்காரி!

நச்சரிப்புத் தாங்காமல் அவன் தங்கையைக் கூப்பிட்டுக் கத்தினான். “இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது உனக்கு!”

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாளே தவிர, அவள் சாவியை எடுக்கவில்லை.

மறுநாள் துணி காயப்போட நாத்தனார் மாடிக்குப் போனாள். சாவி மேஜைமேல் கிடந்தது. அண்ணி பீரோவைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, வாயருகே கொண்டுபோனாள்.

பின்னால் வாளி தொப்பென்று விழுந்தது. பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள் நாத்தனார். மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டது.

“கைநீட்டற அளவுக்கு வந்துட்டியா? நான் அழகாயிட்டா உனக்கென்னடி குறைஞ்சுபோகும்?”

“அண்ணி, வயித்துல குழந்தை இருந்தா இதுல ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது. குழந்தை ஊனமாப் பிறக்கலாம்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் கொடுத்தார்.”

“எனக்கேது குழந்தை?” அண்ணியின் குரல் உடைந்தது. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது.

“காப்பி வாசனையே ஆகலை உங்களுக்கு. உட்கார்ந்த இடத்துல தூங்கறீங்க. கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க? யோசிச்சுப் பாருங்க. தப்பாயிருந்தா வீணா ஆசை காட்டின மாதிரி ஆயிடுமேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

அண்ணி யோசித்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாவி... உன் அண்ணன் அந்தக் கத்து கத்தினாரே, அவர் காதுலயாவது இதைப் போட்டிருக்கக் கூடாதா?”

“போங்க அண்ணி! அந்தச் சேதியை அண்ணன் முதல்ல உங்க வாயாலதானே கேக்கணும்?”