ஆண்டாப் ஹில் ஏற்றமும் கோவை சிப்பும்

அன்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள்: கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்னில் முதலாளியும் மெக்கானிக்குமான சலாவுதீன். எதிரே பெஞ்சில் அவர் மனைவி உமைரா, மடியில் பர்ஸ். தரையில் சாக்கு விரித்து, பழைய பைக்கின் வயிற்றுக்குள் கையை விட்டபடி மகள் அஸ்ரின். வாசலில் ரஞ்சனா, பக்கத்து டி-ஷர்ட் கம்பெனியில் காலருக்குப் பட்டன் காஜா அடிப்பவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதே கம்பெனியில் கணக்கு எழுதும் நான் ஸ்டூலில், மடியில் அட்டையும் வெள்ளைத்தாளும்.

தாள் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அஸ்ரினுக்கு பைசானைப் பிடித்திருந்தது. உமைராவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். கோவையில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பைக்குக்கு சிப் செய்கிறான். பழைய வண்டியில் மாட்டினால் இன்ஜின் கூடுதலாக இழுக்குமாம்.

சலாவுதீனுக்கு அது ஒரு தொழிலாகவே படவில்லை. ஸ்பேனர் பிடிக்காமல் வண்டி பார்க்கிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று பல மாதமாக இழுத்தார்.

கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார். ஒர்க்‌ஷாப் பம்பாயில் ஆண்டாப் ஹில் ஏற்றத்தின் அடியில், வீடு மேலே. அவருடைய பைக் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தை ஏறாது. தினமும் பாதியில் உமைரா இறங்கி நடப்பாள். பைசானின் சிப்பை மாட்டி, உமைரா இறங்காமல் வண்டி வீடு சேர்ந்தால் சம்மதம். சேராவிட்டால் இந்தப் பேச்சே கிடையாது. சேர்ந்தால் சம்மதக் கடிதத்தை அங்கேயே எழுதத்தான் என் மடியில் தாள்.

சிப் கூரியரில் வந்தது. தீப்பெட்டி அளவு, வால் மாதிரி ஒரு வயர்.

வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று அஸ்ரின் சொல்லிவிட்டாள். வாப்பாவுக்குச் சமமாக வண்டி பார்க்கிறவள். அங்கே அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

சீட்டைக் கழற்றினாள். சிப்பை உள்ளே வைத்துப் பார்த்தாள். வயரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

பிறகு ஏர் பில்டரைக் கழற்றி வாசலில் தட்டினாள்.

ஊர் வண்டியெல்லாம் பார்க்கிற சலாவுதீன் தன் வண்டியை மட்டும் திறந்து பார்த்ததில்லை. பகல் முழுக்க அது எங்கள் கட்டிங் டேபிள் பக்கத்தில்தான் நிற்கும். எங்கள் கம்பெனி எடுத்த ஆர்டர் அத்தனையும் பில்டரிலிருந்து பறந்தது. சிவப்புப் பஞ்சு, நீலப் பஞ்சு, கிரிக்கெட் சீசன் மஞ்சள். ரஞ்சனா விடாமல் தும்மினாள்.

"ஏட்டி, சிப்பு மாட்டச் சொன்னா தலையணையைப் பிரிச்சுட்டு நிக்கே."

"அழுக்குல மாட்டுனா அவருக்குக் கேவலம் வாப்பா."

"அவராம்ல, அவரு."

உமைரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், பஞ்சுக்காக இல்லை.

அஸ்ரின் இறுகிக் கிடந்த பின் பிரேக்கையும் சரிசெய்தாள். கடைசியாக சீட்டுக்கடியில் நெடுநேரம் கறுப்பு டேப் சுற்றினாள். சீட்டை மூடிவிட்டு, முடிந்தது என்றாள்.

சலாவுதீன் ஸ்டார்ட் செய்தார். தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டார். உமைரா ஏறி, சேலையைச் சக்கரம் பிடிக்காதபடி இடுக்கிக்கொண்டாள்.

தண்ணீர் டேங்க் வளைவில் வண்டி மறைந்தது. அதற்கப்புறம் சத்தம் மட்டும்தான். வழக்கமாக அங்கேதான் இன்ஜின் முனகும், வண்டி நிற்கும்.

அஸ்ரின் துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை. மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஏறிவிட்டது, ஏறிவிட்டது என்று ரஞ்சனா இந்தியில் கத்தினாள். எனக்குத் தெரிந்த இந்தியில் நானும் கத்தினேன்.

அஸ்ரினின் போன் அடித்தது. வீட்டு வாசலிலிருந்து உமைரா. பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும். அஸ்ரின் போனைக் காதில் வைத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இருவரும் கீழே வந்தார்கள். உமைராவுக்கு இறங்க மனசில்லை. இன்னொரு தடவை போகலாம் என்றாள். போனார்கள்.

அப்புறம்தான் கடிதம். பைசானின் வாப்பா கடையநல்லூரில் இருக்கிறார். போனில் சொன்னால் அதைச் சம்மதமாக எடுக்க மாட்டார், கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். சலாவுதீன் பம்பாயில் இந்தியில் படித்தவர். தமிழ் பேச்சோடு சரி. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஸலாம், நலம், எங்கள் மகளைத் தங்கள் மகனுக்குத் தர முழுச் சம்மதம், பெருநாள் கழித்து நாள் குறிக்க வரவும்.

கீழே இந்தியில் கையெழுத்துப் போட்டார்.

நான் கவரில் பசை தடவும்போது ஆயில் டின்னை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, மாப்பிள வந்தா ஞாபகப்படுத்துங்க. சிப்பு வயரு இன்னும் ஒரு சாண் நீளமா இருக்கணும். நம்ம வண்டிக்கு எட்டல."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சிப் எதிலும் செருகப்படாமல் சீட்டுக்கடியில் டேப் சுற்றிச் சும்மா கிடக்கிறது. பில்டரையும் பிரேக்கையும் பார்த்து வண்டியை ஏற்றியது அஸ்ரின்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். ஸ்டார்ட் செய்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, மேலே போய் சீட்டைத் தூக்கியும் பார்த்தேன் என்றார். தெரிந்துமா சம்மதம் என்றேன்.

பைக்கின் அந்தப் பக்கம் உமைரா ஏற்றத்தைப் பற்றி மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் முறை கேட்பது போல் அஸ்ரின் கேட்டுக்கொண்டிருந்தாள். சலாவுதீன் மகளைப் பார்த்தார்.

"இவ அங்க போனா அவன் கம்பெனி தானா ஓடிரும்."

வயர் விஷயத்தையும் கடிதத்தில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். எதையும் விட்டுவிடாமல் எழுதுவது என் வழக்கம்.

"ஒட்டுங்க" என்றார்.

ஒட்டினேன். கிங்ஸ் சர்க்கிள் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோக அஸ்ரின் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.