அனுமதி மறுக்கப்பட்டது

“அந்தம்மா இன்னும் உள்ளதான் இருக்காங்க. என்ன வேலை பாக்கற நீ?”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றார் மேலாளர். கணினி நிர்வாகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

“யாரு சார்?”

“யாரா? கிடங்கு பாக்கறவங்கதான். அவங்க பேரை எடுத்துடுங்கன்னு தலைமை அலுவலகத்துக்கு நேத்தே சொல்லியாச்சு. இன்னிக்கும் ஜம்முன்னு லாகின் பண்ணி ஸ்டாக் பாத்துட்டு இருக்காங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கிடங்கு அக்கா தெரிந்தாள். காலாவதியான சிரப் பெட்டிகளில் புதுத் தேதி ஒட்டச் சொன்னார் மேலாளர். அவள் ஒட்டவில்லை. சொன்னதை மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். அன்றிலிருந்து அவளைத் துரத்துவதுதான் இவருக்கு முழுநேர வேலை. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான் என்பது இவருக்கும் தெரியும்.

“நம்ம மெஷின்ல, வந்த பதிலைச் சேர்த்து வச்சுக்கற ‘கேஷ்’னு ஒரு சர்வீஸ் இருக்கு சார். யார் லாகின் பண்ணினாலும் ஒவ்வொரு தடவையும் தலைமை அலுவலகத்தைப் போய்க் கேட்காது. ஒரு தடவை வந்த பதிலை ஞாபகம் வச்சுக்கும். அங்க ஒருத்தர் பேரை எடுத்தாலும், தெரிஞ்சவங்கதானேன்னு இங்க விட்டுடும்.”

“அப்ப அதை மறக்க வை.”

“நிறுத்தித் திரும்ப ஆரம்பிச்சா மறந்துடும். ஆனா பாலிசி விட மாட்டேங்குது.” நிர்வாகி திரையை அவர் பக்கம் திருப்பினாள். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று சிவப்பில் கிடந்தது.

“என்ன பாலிசி?”

“எந்த சர்வீஸ் எதைத் தொடலாம், அதை யார் தொடலாம்னு விதி எழுதி வச்சிருக்கு. விதியில இல்லாததை யார் கேட்டாலும் மறுத்துடும். நிர்வாகி நானே கேட்டாலும் அப்படித்தான்.”

“நீயே போட்ட பூட்டுக்கு உன்கிட்ட சாவி இல்ல. வெளியில சொல்லாத, சிரிப்பாங்க.”

“புது விதி எழுதிச் சேக்கணும் சார். மத்தியானம் ஆகும்.”

“மத்தியானமா? அதுக்குள்ள அந்தம்மா கிடங்கையே சுருட்டிட்டுப் போயிடுவாங்க. பாலிசியை ஆஃப் பண்ணு.”

“பண்ண மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்திருந்தது அவளுக்குக் கேட்டது. காது மடல் சுட்டது. இத்தனை நாளும் ‘சரி சார்’ என்று விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது. மேசைக்கு அடியில் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஒரு வரி. தட்டிவிட்டால் இந்த ஆள் தொலைவார். தட்டு, தட்டு என்று கை பரபரத்தது. அப்படிப் பரபரத்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

“அதை ஆஃப் பண்ணினா எல்லாக் கதவும் திறந்து கிடக்கும் சார். யாருக்காகவும் நான் அதைச் செய்ய முடியாது.”

“கோபம்லாம் வருது. ஒண்ணா உக்காந்து சாப்பிடறவங்களாச்சே, பாசம் இருக்கத்தான் செய்யும். வேணும்னே நேரத்தைக் கடத்தற. எனக்குத் தெரியாதா?”

நேரத்தைக் கடத்துவது உண்மைதான்.

சத்தம் கேட்டுக் கிடங்கு அக்கா வாசலில் வந்து நின்றாள். அழுதிருந்தாள் போல. மூக்கு நுனி சிவந்திருந்தது.

“என்னாலதானே உனக்கு இந்தத் திட்டு? செஞ்சுடும்மா. நான் பையை எடுத்து வச்சுட்டேன்.”

“நீங்க போய் உங்க வேலையைப் பாருங்கக்கா.” அவளிடம் போய் எரிந்து விழுந்தது இன்னும் வலித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவின் அழுகை நின்றுவிடும். சொல்லக் கூடாது.

“நீயும் பையை எடுத்து வைக்கிறியா?” என்றார் மேலாளர், மெதுவாக.

“சார், கடைசியாக் கேக்கறேன். மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?”

“இப்பவே. என் கண்ணு முன்னாடி.”

அவள் மடக்கிய விரல்களை விரித்தாள். நிர்வாகி இந்தச் சேவையை நிறுத்தலாம், தொடங்கலாம் என்று விதியைச் சேர்த்து ஏற்றினாள். இந்த முறை மறுப்பு வரவில்லை. சேவை நின்றது. பிறகு எழுந்தது, ஒருவரையும் அறியாததாக.

“இப்ப லாகின் பண்ணுங்க பாப்போம்,” என்று வாசலில் நின்ற அக்காவுக்குப் பக்கத்துக் கணினியைக் காட்டினார் மேலாளர். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தாள். திரை திறந்தது. ஸ்டாக் பட்டியல் வந்தது.

“என்ன கூத்து இது? தள்ளுங்க.” அவளை விலக்கிவிட்டுத் தன் பெயரை அடித்தார் மேலாளர். உதட்டைக் கடித்தபடி இன்னொரு முறை அடித்தார். “இந்தப் பேர்ல யாருமே இல்லைங்குது?”

“அக்கா எழுதிப் போட்டதைப் பாத்துட்டு, காலையிலயே தலைமை அலுவலகத்துல உங்க பேரைத்தான் சார் எடுத்தாங்க,” என்றாள் நிர்வாகி. “மத்தியானம் அங்கேருந்து முதலாளி வந்து தனியாச் சொல்ற வரைக்கும் நாலு பேர் முன்னாடி உங்களுக்கு அவமானம் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அதனாலதான் யாரும் அந்த சர்வீஸைத் தொட முடியாதபடி நானே விதி எழுதி வச்சிருந்தேன்.”