மீனெண்ணெய் மாத்திரை

வருகிற கோடையில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்குறைப்பு. மூச்சு இரைக்கிறவன் முதலில் வெளியே போவான்.

பெருமாள்சாமிக்கும் அந்தோணிமுத்துவுக்கும் ஒரே இரைப்பு, ஒரே டாக்டர், ஒரே மீனெண்ணெய் மாத்திரை. ஆனால் அந்தோணி மட்டும் இப்போது தோல்கட்டோடு படியேறினான். பெருமாள்சாமிக்கு வயிறு எரிந்தது.

"ஏலே, டாக்டர் ஒனக்கு மட்டும் ஒசந்த மாத்திரையாக் குடுத்தாரா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ளே."

பெருமாள்சாமி நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தோணியின் பையைத் துழாவினான். மாத்திரை டப்பாவின் சீல்கூட உடையவில்லை. அந்தோணி பார்த்துவிட்டான். பெருமாள்சாமி டப்பாவை அவனிடமே நீட்டினான்.

"நீ இதைத் திங்கவே இல்லையாடா?"

"தவக்காலத்துல கவுச்சியத் திங்கலாமா? பீடியையும் விட்டுட்டேன், அதான் மூச்சு லேசா இருக்கு. ஈஸ்டர் முடியட்டும், ரெண்டையும் ஆரம்பிச்சிருவேன்."

பெருமாள்சாமியின் முகம் மலர்ந்தது.

"மொதக் கட்டு பீடி நான் வாங்கித் தாரேன் மாப்ளே."