வடக்குச் சுவரில் பேச்சி

"பேச்சி வந்துட்டுப் போயிருக்கா!"

விடிந்தும் விடியாத நேரம். நாரணாபுரத்துப் பெண்கள் முதலாளி வீட்டு வடக்குச் சுவரை விட்டு எட்டியே நின்றார்கள். சுவரில் தலையில்லாத ஓர் உருவம். விரிந்த இரண்டு கைகள், அகன்ற நெஞ்சு. எல்லாம் வெள்ளி நிறத்தில் மினுங்கின.

முதலாளியின் பட்டாசு ஆலை விபத்தில் செத்துப்போன பேச்சிதான் அது என்று சத்தியம் பண்ணினார்கள். ஜன்னல் ஒன்றுகூடத் திறக்காத அந்த வீட்டுக்குள்ளிருந்து நேற்று சாயங்காலம் மெல்லிசாய் ஓர் அழுகை கேட்டதாம். அதுவும் அவள்தானாம்.

செத்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு அந்த வீட்டைச் சுற்றி முற்றுகை நடத்துகிற பெத்தணன் கிட்டே போய் விரலால் தொட்டார். அலுமினியப் பொடி. பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை அவர். காலமெல்லாம் போராடியதில் துரோகிகளைத்தான் நிறையப் பார்த்திருக்கிறார்.

பட்டாசு மருந்து கலக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அப்படியொரு சட்டையைச் சுவர்மேல் இருந்த கண்ணாடிச் சில்லை மறைக்கத் தொங்கவிட்டு, எவனோ ஏறிக் குதித்திருக்கிறான். சட்டையில் படிந்திருந்த பொடிதான் சுவரில் அச்சாகியிருக்கிறது.

வடக்குச் சந்தில் காவல் நின்றவன் பேச்சியின் புருஷன் இருளாண்டி.

அவனைத் தனியே இழுத்துப் போனார்.

"ஏலே, நஷ்டஈட்டுக்குக் கையெழுத்துப் போடாம முதலாளி உள்ள பூட்டிக்கிட்டு இருக்கான். மூணு பக்கமும் ஒரு ஈ நுழையல. நீ மட்டும் பின்லாந்துக்காரனாயிட்டியேலே!"

"அது யாரு அண்ணாச்சி?"

"ரெண்டாம் உலகப் போருல ரஷ்யாவோட லெனின்கிராடைத் தெக்க ஜெர்மன்காரன் வளைச்சான். வடக்க வந்த பின்லாந்துப் படை பழைய எல்லைக்கிட்ட வந்ததும் நின்னுட்டுது. இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா ஊரு விழுந்திருக்கும். சண்டையோட போக்கே மாறியிருக்கும்."

"விழாதது நல்லதுதான அண்ணாச்சி? அது நம்ம செங்கொடி ஊருல்ல?"

பெத்தணனுக்குச் சுருக்கென்றது.

"அது வேற, இது வேறலே! உள்ள போயி எம்புட்டு வாங்குன?"

"நான் ஒண்ணும் வாங்கல."

"நடிக்காத. செத்தது உம் பொண்டாட்டி. அவ சட்டையவே மிதிச்சு ஏறியிருக்கியே, த்தூ!"

இருளாண்டி எச்சிலைத் துடைத்துக்கொண்டான்.

"உள்ள முதலாளி மகளும் அவ கைப்பிள்ளையும் இருக்காக. பயத்துல அந்தப் பொண்ணுக்குப் பால் வத்திப்போச்சு. நேத்து அழுதது அந்தப் பிள்ளைதான். ஒரு சொம்புப் பாலு குடுத்துட்டு வந்தேன்."

"பால்காரனைத்தான் நான் தெருமுக்குலயே மறிச்சுட்டேனே. உனக்கு ஏதுலே பாலு?"

இருளாண்டி தலை நிமிரவில்லை.

"எம் பிள்ளைக்கு வாங்குனதுல பாதி அண்ணாச்சி. அதுக்கும் தாய்ப்பால் இல்லையே."