பால் குடித்த கீபோர்டு

நாற்காலியில் ஆள் இல்லை. ஆனாலும் லேப்டாப் திரையில் பக்கங்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன.

அவன் குளியலறையில் இரண்டு வயது மகளின் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மனைவிக்கு மருத்துவமனையில் பகல் ஷிப்ட். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் புண்ணியவான் என்பதால் பிள்ளை இவன் பொறுப்பு. ஆபீசில் எல்லோருக்கும் போட்டிருக்கும் மென்பொருளோ, ஐந்து நிமிடம் விசையைத் தட்டாவிட்டால் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். மூன்று சிவப்பு விழுந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் கீபோர்டுக்குப் பால் புகட்டிய மகராசி இவள்தான். அன்றிலிருந்து கீழ்நோக்கிய அம்புக்குறி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. வேலை செய்யும்போது அதை அணைத்துவிட்டு, வெளியே வேறொரு கீபோர்டை மாட்டிக்கொள்வான். பிள்ளை அழுதால் மறுபடி அதற்கு உயிர் கொடுத்துவிட்டு எழுந்து ஓடுவான். மூச்சுவிட அவனுக்கு இருந்த ஒரே சந்து அதுதான்.

செல்போன் அலறியது. மேனேஜர் மேடம். 'கழுகு' என்றால்தான் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

“நாளைக்கு லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்க. உங்க ரிப்போர்ட்ல ஏதோ இடிக்குது.” பேசும்போதே அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

மறுநாள், ஜன்னல் இல்லாத சர்வீஸ் அறை. மகள் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்ததுதான் தாமதம், பக்கங்கள் சறுக்க ஆரம்பித்தன.

“இந்தக் கீ தானா அடிக்குதே! எத்தனை நாளா?”

“நேத்துலருந்துதான் சார்.”

இன்ஜினியர் தன் திரையை அவன் பக்கம் திருப்பினார். “ஆறு மாசமா அடிக்குதுன்னு இதுல இருக்கே, தம்பி.”

“அண்ணே, பிள்ளைய வச்சுக்கிட்டு எனக்கு வேற வழி தெரியல. மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“நான் என்னத்தச் சொல்ல? இந்த ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புனதே அவங்கதான்.”

கதவு திறந்தது. கழுகேதான். உள்ளே வந்தவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். ஓடலாம் என்றால் இருந்த ஒரே வழியை அவள் மறித்து நின்றாள்.

தோளில் கிடந்த குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “இவளையும் பாத்துக்கிட்டு, ஆறு மாசத்துல ஒரு சிவப்புகூட வாங்கலையா நீங்க?”

“மேடம், மன்னிச்சிடுங்க… இந்த வேலை போச்சுன்னா…”

அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த தன் லேப்டாப்பை எடுத்து இன்ஜினியரின் மேஜைமேல் வைத்தாள்.

“இதையும் அதே மாதிரி கெடுத்துக் குடுங்க, சார்.”