இடிந்த வாசல்

மரங்கொத்தி செய்த புது அலமாரியைக் கழுதை முயலின் வளைக்குக் கொண்டுவந்தது. உள்ளே தள்ளும்போது வாசல் மண் பொலபொலவென்று சரிந்து, பெரிய ஓட்டை விழுந்தது.

"கழுதையண்ணே, இதை அடைச்சுக் கொடுத்துட்டுப் போங்க. எதிர்ப் புதர்ல பாம்பு இருக்கு. உள்ள என் குட்டிங்க தூங்குது" என்று முயல் கெஞ்சியது.

"நான் சுமக்கிறவன் மட்டும்தான் தங்கச்சி. அளவு தெரியாமச் செஞ்சது மரங்கொத்தி. அவன் வந்து அடைக்கட்டும்."

கழுதை போய்ச் சொன்னதும் மரங்கொத்திக்குக் கோபம் வந்தது. "இடிச்சது நீ. நான் ஏன் அடைக்கணும்?"

இரண்டும் மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டன. முயல் தனியாக மண்ணைக் குவித்துப் பார்த்தது. குவிக்கக் குவிக்கச் சரிந்தது. எதிர்ப் புதரில் இலைகள் மெல்ல விலகின.

ஒருவழியாக ஆளுக்குப் பாதி வேலை என்று ஒத்துக்கொண்டு, கழுதையும் மரங்கொத்தியும் ஈர மண்ணோடு வந்தன. வாசலில் முயல் குவித்த மண், ஏதோ இழுபட்டதுபோல் வழவழவென்று அமுங்கிக் கிடந்தது.

"தங்கச்சி, அடைக்க வந்திருக்கோம்" என்றது கழுதை.

"வேண்டாம்" என்று உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "எனக்கு இந்த வாசல் வசதியாத்தான் இருக்கு."

அது முயலின் குரல் இல்லை.